விளங்காத காட்சியும் மறைந்த மனிதரும்

ஒரு கலைப்படைப்பைப் பற்றி மக்கள் கொள்ளும் கருத்துக்கள் சில வேளைகளில் அப்படைப்பின் குணங்குறைகளோடு அதனைப் பெற்றெடுத்த சமுதாயத்தின் குணங்குறைகளையும் புலப்படுத்திவிடுகின்றன. 2017ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி அமெரிக்காவிலே ஷோடைம் என்னும் சந்தாத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘டுவின் பீக்ஸ்’ தொடரின் எட்டாம் பகுதியும், அதனைக் குறித்து எழுந்த வாதப்பிரதிவாதங்களும் இதற்குத் தக்க சான்றாகும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த அந்தப் பகுதியைச் சிலர் தொலைக்காட்சியின் தலைசிறந்த சாதனை என்றனர். சிலர் சகிக்கவொண்ணாத ஏமாற்று என்றனர். வேறு சிலர் புகழவுமில்லை, இகழவுமில்லை. அதனை ஒரு விடுகதையாகக் கொண்டு விடை தேடப் புகுந்தனர். இம்மூவகையினரும் பேசியவை பல. ஆயின் அவர்களுட் பெரும்பாலோர் பேசாது விட்டதொன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடரின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். டேவிட் லிஞ்ச், மார்க் புரோஸ்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘டுவின் பீக்ஸ்’ 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஏ. பி. சி. நிறுவனத்தால் ஒளிபரப்பப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கற்பனையான மர ஆலை ஊரொன்றில் லோரா பாமர் என்னும் மாணவி கொலை செய்யப்படுகிறாள். கொலையாளி யார் என்பதே கதையின் முடிச்சு. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்துக்கு முடிச்சு அவிழாதிருப்பது பொறுக்கவில்லை. அதன் வற்புறுத்தலால் 1990இலேயே கொலையாளி இனங்காட்டப்பட்டான். தொடரின் உயிர்நிலை அத்துடன் போயிற்று என்று லிஞ்ச் பின்னர் பலமுறை கூறியுள்ளார். 1991இல் தொடர் நிறுத்தப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், விளம்பர இடைவேளை இல்லாத சந்தா நிறுவனமொன்று இடமளித்தபோது, 18 பகுதிகள் கொண்ட புதிய தொடரை முழுவதும் தாமே நெறிப்படுத்தி வெளியிட்டார், 2025 ஜனவரியில் மறைந்த அந்தக் கலைஞர். விளம்பரத் தொலைக்காட்சியில் நேரம் ஒரு விற்பனைப் பண்டம். அப்பிடியிலிருந்து ஓரளவு விடுபட்ட நிலையிலேதான் எட்டாம் பகுதியின் மெதுவான போக்குச் சாத்தியமாயிற்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

அப்பகுதியில் நிகழ்வதென்ன? தொடக்கத்தில் முன்னைய கதையின் ஒரு துண்டும், பின் ஓர் இசைக்குழுவின் பாடலும் இடம்பெறுகின்றன. அதன்பின் திரை கறுப்பு வெள்ளையாகிறது. 1945 யூலை 16, நியூ மெக்சிக்கோவின் வைற் சாண்ட்ஸ், காலை 5 மணி 29 நிமிடம் என்று எழுத்துக்கள் காட்டுகின்றன. உலகின் முதலாவது அணுகுண்டுப் பரிசோதனை நிகழ்கிறது. தொலைவிலே எழும் புகைக் காளானை நோக்கிக் கமரா மிக மெதுவாக நகர்ந்து, ஈற்றில் அதனுள்ளே புகுந்துவிடுகிறது. பின்னணியில் ஒலிப்பது, போலந்து இசையாளர் பென்டெரெட்ஸ்கி 52 தந்திக் கருவிகளுக்கென அமைத்து, ஹிரோஷிமாவில் மாண்டோருக்கு இரங்கற் பாவாகக் காணிக்கையாக்கிய இசை. தீயும் துகளும் புழுதியும் நிமிடக்கணக்கில் திரையை நிறைக்கின்றன. அதன்பின் ஆளரவமற்ற ஒரு கடையில் கரிபடிந்த உருவங்கள் நடமாடுகின்றன. வெளியில் மிதக்கும் ஓர் உரு முட்டைகளைக் கக்குகிறது. அவற்றிடையே தீமையின் முகந் தாங்கிய ஓர் உருண்டையும் வருகிறது. ஊதாநிறக் கடலொன்றின் நடுவே உள்ள கோட்டையில், நெடிய உருவினர் ஒருவர் படமாளிகை போன்ற மண்டபத்தில் அதே அணுகுண்டுக் காட்சியைப் பார்க்கிறார். பார்த்தபின் அவர் தலையிலிருந்து பொன்னொளி பெருகி, லோரா பாமரின் முகந் தாங்கிய ஓர் உருண்டையாகித் திரள்கிறது. அது பூமிக்கு அனுப்பப்படுகிறது. ஈற்றில் 1956 ஓகஸ்ட் 5 என்று மீண்டும் எழுத்துக்கள். பாலைவனத்தில் ஒரு முட்டை பொரிகிறது. தவளையின் கால்களும் பூச்சியின் சிறகுகளுமுடைய பிராணியொன்று வெளிவருகிறது. கரிபடிந்த மனிதனொருவன் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டபடி வந்து, வானொலி நிலையத்துட் புகுந்து, அங்குள்ளோரைக் கொன்று, ஒலிவாங்கியிற் சில வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். கேட்டவர்கள் மயங்கி விழுகின்றனர். வசனம் மிகக் குறைவு. தொடரின் கதையோட்டத்துடன் வெளிப்படையான தொடர்பும் குறைவு. அடுத்த பகுதி யூலை 9ஆந் திகதியே வெளியாயிற்று. ஆகவே இரண்டு வாரங்கள் பார்வையாளர் இதனோடு தனித்து விடப்பட்டனர்.

இதனை விஞ்ஞானப் புனைகதை எனலாமா என்ற ஐயம் எழலாம். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த இரு திரைப்படங்களை நினைவுகூர்ந்தால் ஐயம் நீங்கும். ‘தெம்!’ என்ற அமெரிக்கப் படத்தில், நியூ மெக்சிக்கோப் பரிசோதனையின் கதிர்வீச்சால் எறும்புகள் பூதங்களாய் வளர்ந்து மனிதரைத் தாக்குகின்றன. இராணுவம் அவற்றை அழித்து நாட்டைக் காக்கிறது. அதே ஆண்டு யப்பானில் இஷிரோ ஹொண்டா ‘கொட்ஸில்லா’வை நெறிப்படுத்தினார். அவ்வாண்டு மார்ச் 1ஆந் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், 23 யப்பானிய மீனவர் சென்ற படகொன்றின் மீது பொழிந்திருந்தது. அந்த வேதனை ஆறுமுன் எடுக்கப்பட்ட படம் அது. ஒன்று குண்டைச் செய்தவரின் கனவு. மற்றது குண்டுபட்டவரின் கனவு. லிஞ்சின் பாலைவனப் பிராணி இவ்வகைக் கதை மரபிற் பிறந்ததே. இவ்விரண்டில் எதன் பக்கம் அது நிற்கிறது என்பதே நாம் எழுப்பவேண்டிய கேள்வி.

இனிப் பார்வையாளர் கருத்துக்களுக்கு வருவோம். ‘விளங்கவில்லை, நகரவில்லை’ என்று குறைகூறியோரை முதலில் எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் உழைத்து இரவில் ஒரு மணி நேரத்தைத் தொலைக்காட்சிக்கு ஒதுக்குபவன், அந்த நேரத்துக்கு என்ன கிடைத்தது எனக் கேட்பது நியாயமே. அவனைச் சுவையறியாதவன் என எள்ளி நகையாடும் விமரிசகர், கலையைச் சிலரின் உடைமையாக்கும் பழைய குற்றத்தையே புதிய உடையிற் செய்கின்றனர். எனினும், பழக்கமான முறையிற் சொல்லப்படாத யாவும் மக்களுக்கு அந்நியமானவை என்ற முடிவுக்கும் நாம் வந்துவிடலாகாது. யதார்த்தம் என்பது ஒரேயொரு வடிவத்துக்குள் அடங்குவதன்று என்றும், புதிய மெய்மைகளைச் சொல்லப் புதிய உத்திகள் வேண்டுமென்றும், மக்கள் துணிவான புதுமையைக் கண்டு அஞ்சுபவரல்லர் என்றும் 1930களிலேயே ஜேர்மானிய நாடகாசிரியர் பெர்ட்டோல்ட் பிரெக்ட் வாதிட்டார். அவ்வாதம் இன்றும் வலுவிழக்கவில்லை.

இந்த நோக்கில் எட்டாம் பகுதியின் மெதுவான போக்கை ஆராய்ந்தால், அது குற்றமாகத் தோன்றவில்லை. மாறாக அதன் பெருஞ் சிறப்பாகவே தோன்றுகிறது. அணுகுண்டின் புகைக் காளானை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! பாடநூலில், சுவரொட்டியில், செய்திப்படத்தில் என்று அது ஓரிரு கணங்கள் தோன்றி மறையும் அலங்காரச் சின்னமாகவே ஆகிவிட்டது. அன்றியும், அந்தப் படங்களெல்லாம் குண்டைச் செய்தவர்கள் பல மைல் தொலைவில் நிறுத்திய கமராக்களால் எடுக்கப்பட்டவை. அவற்றைக் காணும்போது தளபதியும் விஞ்ஞானியும் நின்ற பாதுகாப்பான இடத்திலேயே நாமும் நிற்கிறோம். லிஞ்ச் செய்த பேருதவி அந்த இடத்தைப் பார்வையாளரிடமிருந்து பறித்ததாகும். தொலைவு மெல்ல மெல்லக் குறைகிறது. கண்ணைத் திருப்ப வழியில்லை. ஈற்றில் நாம் தீயினுள்ளே இருக்கிறோம். இதனை ஐந்து விநாடியிற் செய்திருந்தால் அது வாணவேடிக்கையாய் முடிந்திருக்கும். ‘எப்போது முடியும்?’ என்று பார்வையாளன் தவித்தானாயின், அத்தவிப்பே அக்காட்சியின் பொருளாகும்.

இதே தொடரின் ஏழாம் பகுதியில், மதுச்சாலையின் தரையை ஒரு தொழிலாளி கூட்டிப் பெருக்கும் காட்சி இரண்டு நிமிடங்களுக்கு மேல் தொடர்கிறது. அதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. உண்ணும் மனிதரையும் சுடும் மனிதரையும் சலிக்காது காட்டும் தொலைக்காட்சி, துப்புரவுத் தொழிலாளியின் வேலையை அது எடுக்கும் நேரத்துக்கு எப்போதாவது காட்டியதுண்டா? உழைப்பின் நேரம் நமக்குச் சலிப்பாகத் தோன்றுவதற்கு, அதனைக் காணாதபடி நாம் பழக்கப்பட்டிருப்பதே காரணம். எனவே ‘மெதுவானது’ என்ற குற்றச்சாட்டை அப்படியே ஏற்பதற்கில்லை.

விடுகதைக்கு விடை தேடியோர் இரண்டாம் வகையினர். அந்த உரு யார், முட்டையிலிருந்து பிறந்த பிராணி எவளுடைய வாயிற் புகுந்தது, அவள் பிற்காலத்தில் எந்தப் பாத்திரத்தின் தாயானாள் என்று அவர்கள் ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி ஆராய்ந்தனர். அவர்தம் உழைப்பு வியப்புக்குரியது. ஆயின் விளைவு யாது? டிரினிட்டி என்று பெயரிடப்பட்ட வரலாற்று நிகழ்ச்சி, ஒரு பேய்க் குடும்பத்தின் வமிசாவளியில் முதற் கொடியாகச் சுருங்கிவிடுகிறது. ஹிரோஷிமாவுக்கு மூன்று வாரம் முந்திய அந்த விடியற்காலை, லோரா பாமரின் கதைக்கு முன்னுரையாகிவிடுகிறது. வரலாற்றைக் கதைக்குத் துணையாக்கும் இப்பழக்கம் பார்வையாளரின் குற்றம் மட்டுமன்று. படைப்பே அதற்கு வழிகாட்டுகிறது என்பதைப் பின்னர் காண்போம்.

மூன்றாம் வகையினர் வானளாவப் புகழ்ந்தவர்கள். பிரான்சின் ‘கையே து சினமா’ இதழ் 2017ஆம் ஆண்டின் சிறந்த படங்களுள் இத்தொடருக்கே முதலிடம் வழங்கியது. பிரித்தானியாவின் ‘சைற் அன்ட் சவுண்ட்’ இதழின் வாக்கெடுப்பில் அது இரண்டாவதாக வந்தது. தொலைக்காட்சி கலையாகிவிட்டது என்ற பெருமிதம் பல பாராட்டுரைகளில் ஒலித்தது. துணிவு, உருவப் புதுமை, ஒலியமைப்பு ஆகியன பற்றி அவர்கள் கூறியவற்றுடன் நமக்குப் பெரிதும் உடன்பாடே. ஆயின் உருவத்தைப் பற்றி இத்துணை நுணுக்கமாகப் பேசிய நாவுகள், உள்ளடக்கம் என்று வந்தபோது ‘தீமையின் பிறப்பு’ என்ற இரு சொற்களோடு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. யாருடைய தீமை? யார் பெற்றது? யார் மீது விழுந்தது?

இவ்வினாக்களோடு திரையை மீண்டும் நோக்கினால் ஓர் உண்மை முகத்தில் அறைகிறது. 1945ஆம் ஆண்டின் அப்பாலைவனத்தில் ஒரு மனிதனும் இல்லை. நூறடிக் கோபுரத்தை எழுப்பிய தொழிலாளர் இல்லை. குண்டை ஆக்கிய ஒப்பன்ஹைமரோ, திட்டத்தை நடத்திய ஜெனரல் குரோவ்ஸோ இல்லை. கட்டளையிட்ட அரசு இல்லை. குண்டு தானே வெடிக்கிறது. தீமை தானே பிறக்கிறது. மெய்யான வரலாற்றிலோ அந்தப் பாலைவனம் வெறுமையாக இருந்ததில்லை. துலரோசாப் படுகையிலும் அயலிலும் ஸ்பானிய மொழி பேசும் விவசாயிகளும், கால்நடை வளர்ப்போரும், மெஸ்கலேரோ அப்பாச்சிப் பழங்குடியினரும் வாழ்ந்தனர். அவர்களுக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்படவில்லை, அவர்கள் அகற்றப்படவுமில்லை. வெடிமருந்துக் களஞ்சியமொன்று வெடித்தது, உயிர்ச்சேதமில்லை என்று விமானத்தளம் அன்றே அறிக்கை விட்டது. கூரையில் விழும் மழைநீரைச் சேமித்துக் குடித்த குடும்பங்களின் தொட்டிகளிற் சாம்பல் படிந்தது. கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்க 1990இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றியபோது, நெவாடாப் பரிசோதனைக் களத்தின் காற்றுத் திசையில் வாழ்ந்தோர் அதில் இடம்பெற்றனர். முதற் குண்டின் அயலவர் இடம்பெறவில்லை. 2005இல் துலரோசாப் படுகை மக்கள் தமக்கென ஓர் அமைப்பை நிறுவிப் போராடினர். எட்டாம் பகுதி ஒளிபரப்பான 2017இலும் அவர்கள் சட்டத்துக்கு வெளியிலேயே நின்றனர். 2025 யூலையிலேதான், குண்டு வெடித்து 80 ஆண்டுகள் நிறைவுறும் வேளையில், அச்சட்டம் அவர்களையும் உள்ளடக்குமாறு விரிக்கப்பட்டது. அரசின் அறிக்கை மறைத்த மனிதரைக் கலைஞனின் கமராவும் காணவில்லை என்பது எத்துணை வருந்தத்தக்கது!

மற்றோர் உண்மையும் உண்டு. டிரினிட்டிக் குண்டுக்கும் நாகசாகிக் குண்டுக்கும் வேண்டிய புளுட்டோனியத்தின் பெரும்பகுதி எங்கே உற்பத்தியாயிற்று? வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்போர்ட் ஆலையில். ‘டுவின் பீக்ஸ்’ என்ற கற்பனை ஊரும் அதே மாநிலத்திலேதான் உள்ளது. ஆகவே அவ்வூரையும் பாலைவனத்தையும் இணைக்கும் பாதையைத் தேடி ஊதாநிறக் கடலைக் கடக்கவேண்டியதில்லை. ஆலையும் இரயிலும் வீதியும் கூலியும் இரகசியக் கட்டளையுமாக ஒரு மெய்யான பாதை அங்கே கிடக்கிறது. அதனைவிட்டு, முகந் தாங்கிய உருண்டையொன்றை வானிலிருந்து அனுப்பும் பாதையைப் படைப்பாளிகள் தெரிந்தனர். விடை தேடியோர் பேய்களின் வமிசாவளியை வரைந்ததற்கு வித்திட்டது இத்தெரிவேயாகும்.

படைப்பின் பக்கம் நின்று ஒருவர் இங்கே மறுக்கலாம். ஹிரோஷிமாவின் இரங்கலிசை ஒலிக்கிறதே என்பார். மெய்தான். 1956 ஓகஸ்ட் 5 என்ற திகதியையும் அவர் எடுத்துக்காட்டலாம். யப்பானில் 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி காலை 8 மணி 15 நிமிடத்துக்குக் குண்டு விழுந்தபோது அமெரிக்காவில் இன்னும் 5ஆந் திகதியே. பதினோராண்டு கழித்து, சரியாக அதே நாளில், குண்டு வெடித்த பாலைவனத்திலே முட்டை பொரிகிறது. இது தற்செயலென்று கொள்ள மனம் ஒப்பவில்லை. எனினும் இந்தக் குறிப்புக்கள் யாருக்குக் கேட்கும்? இசையின் பெயரை முன்பே அறிந்தவனுக்கும், நேர வேறுபாட்டைக் கணக்கிடுபவனுக்கும். அறிந்தவனுக்கு மட்டும் உணர்த்தும் குறிப்பு, அறியாதவனை அறியாமையிலேயே விட்டுச் செல்கிறது.

அணுகுண்டைப் பற்றித் தெளிவாகப் பேச முயன்ற தொலைக்காட்சிப் படைப்புக்கு நேர்ந்ததை இங்கே ஒப்புநோக்குதல் பயன்தரும். 1965இல் பீற்றர் வொட்கின்ஸ் பி. பி. சி.க்காக ‘த வோர் கேம்’ என்ற படத்தை எடுத்தார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் சாதாரண மக்களுக்கு என்ன நேரும் என்பதைத் தொழில்முறை நடிகரல்லாதோரைக் கொண்டு அது காட்டியது. தெளிவும் சினமும் நிறைந்த அப்படத்தை ஒளிபரப்புவதில்லை என்று நிறுவனம் முடிவு செய்தது. திரையரங்குகளிற் காட்டப்பட்டு ஒஸ்கார் பரிசும் பெற்ற அப்படம், 1985 யூலை வரை, இருபது ஆண்டுகள், தான் பிறந்த தொலைக்காட்சியிலேயே தோன்ற முடியவில்லை. காலமும் நாடும் வேறு என்பதை மறக்காமலே ஒன்று சொல்லலாம்: குண்டைச் செய்தவரையும் அது விழும் மக்களையும் காட்டும் படம் அதிகாரத்தை அச்சுறுத்துகிறது, குண்டைப் பேய்களின் தாயாகக் காட்டும் படம் எவரையும் அச்சுறுத்துவதில்லை. இதற்காகக் கற்பனையைக் கைவிட வேண்டுமென்பதில்லை. ஹிரோஷிமாச் செய்தி வந்தபின், கலிலியோவைப் பற்றிய தம் நாடகத்தைப் பிரெக்ட் திருத்தியமைத்தார். 1947இல் லொஸ் ஏஞ்சலிசில் மேடையேறிய வடிவத்தில், பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானியின் கதை மூலம் அணுவிஞ்ஞானியின் பொறுப்பை விசாரணைக்கு உட்படுத்தினார். மறைமுகமாகச் சொல்லியும் பொறுப்பை மனிதர் தோளிலேயே சுமத்த முடியும் என்பதற்கு அது சான்று.

எனினும் எட்டாம் பகுதியின் இறுதிப் பாகம் நமக்கு ஒரு நம்பிக்கையைத் தருகிறது. படைப்பின் உள்ளேயே இருவகைப் பார்வையாளர் இடம்பெறுகின்றனர். கோட்டையிலுள்ள நெடிய உருவினர் அணுகுண்டைத் திரையிற் கண்டதும், பார்த்ததோடு நின்றுவிடாது, அதற்கு எதிராக ஒன்றைப் படைத்து அனுப்புகிறார். மறுபுறம், வாகனம் திருத்தும் தொழிலாளியும், உணவுச்சாலையிற் பரிமாறும் பெண்ணும், படுக்கையறையில் ஒரு சிறுமியும் வானொலியில் வருவதைக் கேட்கின்றனர். கேட்டபடியே உணர்விழந்து விழுகின்றனர். தீமை குண்டோடு முடியவில்லை; அது ஒலிபரப்பு நிலையத்தைக் கைப்பற்றி உழைப்பவனை உறங்கவைக்கிறது. தொலைக்காட்சியினூடாகவே ஒலிபரப்புச் சாதனத்தின் மீது சாட்டப்பட்ட இக்குற்றச்சாட்டு, இப்பகுதியின் சமுதாய உணர்வு மிக்க இடமாகும். மனிதர் தோன்றும் இடத்தில் படைப்பின் சிந்தனையும் கூர்மையடைவதைக் கவனியுங்கள். 1945இன் பாலைவனத்திலும் அவர்கள் நின்றிருப்பின், இது தொலைக்காட்சிக் கலையின் மாபெரும் படைப்பாக விளங்கியிருக்கும்.

ஆகவே நாம் இவ்வாறு முடிவு கூறலாம். எட்டாம் பகுதியின் உருவம் அதன் சிந்தனையைக் காட்டிலும் துணிவு மிக்கது. அது மெதுவாகச் செல்வது பிழையன்று. எங்கே செல்கிறது என்பதிலேயே பிழை இருக்கிறது. ‘விளங்கவில்லை’ என்று மாணவன் கூறும்போது ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அத்தோடு படைப்பை ஒதுக்கிவிடவும் வேண்டாம். எது உண்மையிலேயே விளங்கக் கடினமானது, எது விளங்காதபடி விடப்பட்டது என்று அவனுடன் சேர்ந்து பிரித்தறிதல் வேண்டும். தீயினுள்ளே நிகழ்வதை உணர நமக்குப் பொறுமை வேண்டும். அதற்குக் கலைஞனுக்கு நன்றி சொல்வோம். தீயை மூட்டியவன் யார், அதன் சாம்பல் எவருடைய தண்ணீரில் விழுந்தது என்பன விளங்கக் கடினமானவை அல்ல. துலரோசாவின் முதியோர் அவற்றை எண்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தனர்.